வெள்ளைக்காரன் காலத்து லேத்: வயதைக் கணிக்கும் வழி

நெல்லிக்குப்பத்திலிருந்து பண்ருட்டி போகும் சாலையிலோ கடலூர் முதுநகர்ப் பக்கமோ ஏதாவது ஒரு லேத் பட்டறைக்குள் போய், மூலையில் நிற்கும் பழைய மெஷினைக் காட்டி வயதைக் கேட்டால் மூன்று பதில்களில் ஒன்று வரும். "வெள்ளைக்காரன் காலத்து மெஷின் தம்பி." அல்லது, "சர்க்கரை ஆலை ஏலத்துல வந்தது." அல்லது, "எங்கப்பா வாங்கும்போதே பழசுதான்."

மூன்றும் உண்மையாக இருக்கலாம். மூன்றிலும் ஆண்டு இல்லை. நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரைத் தொழில் 1840-களில் தொடங்கியது. ஆலை என்று ஒன்று இருந்தால் உள்ளே பட்டறையும் இருக்கும். அரவை முடிந்ததும் ரோலரைக் கழற்றிக் கடைய வேண்டும், தண்டு தேய்ந்திருந்தால் புதிது செய்ய வேண்டும். ஆனால் ஒன்றே முக்கால் நூற்றாண்டு நீண்ட ஓர் ஆலையின் பெயரைச் சொல்வது ஆண்டைச் சொன்னதாகாது. அப்பா வாங்கும்போதே பழசு என்பதும் அப்படித்தான். பத்து வருஷப் பழசா, ஐம்பது வருஷப் பழசா?

வயது தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டு காரணம் சொல்லலாம். முதலாவது உதிரி பாகம். மெஷின் எந்தப் பத்தாண்டில் பிறந்தது என்று தெரிந்தால் அதில் உள்ள மரை விட்வொர்த்தா, மில்லிமீட்டரா, எந்த வகை பேரிங் எதிர்பார்க்கலாம் என்று கழற்றுவதற்கு முன்பே ஓரளவு தெரிந்துவிடும். இரண்டாவது விலை. வயது தெரியாத மெஷின் கடைசியில் காயலான் கடை எடைத் தராசில்தான் ஏறும். இன்ன கம்பெனி, இன்ன காலம் என்று எழுதி வைத்த மெஷினைத் தேடி வருபவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பழக்கம் வேண்டும். மெஷினில் கிடைக்கும் ஒவ்வொரு தடயத்தையும் இரண்டு கேள்விகளில் ஒன்றுக்குப் பதிலாக வைத்துப் பாருங்கள். "இந்த ஆண்டுக்கு முன்னால் இது இருந்திருக்க முடியாது" என்பது ஒன்று. "இந்த ஆண்டுக்குப் பின்னால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள்" என்பது மற்றொன்று. முதலாவது கீழ் எல்லை, இரண்டாவது மேல் எல்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே வருவதுதான் மொத்த வேலையும். ஒரே பார்வையில் "இது 1940 மாடல்" என்று அடித்துச் சொல்கிறவரிடம் எந்தத் தடயத்தை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் மெஷினின் உருவத்தை வைத்துத்தான் சொல்லியிருப்பார். நம் ஊரில் உருவம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

முதலில் துடைக்க வேண்டும்

பட்டறை மெஷினின் மேல் பெயிண்ட், அதன் மேல் எண்ணெய்ப் பிசுக்கு, அதன் மேல் வார்ப்பிரும்புத் தூள், அதற்கும் மேலே ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும். இத்தனைக்கும் அடியில்தான் எண் இருக்கிறது. அவசரப்பட்டு எமரி பேப்பரையோ கிரைண்டரையோ எடுக்காதீர்கள். பஞ்ச் செய்த எண்ணின் ஆழம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நாலு தேய்ப்பில் போய்விடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்பதால் அதை உலர்வாகத் தேய்த்துத் தூளைச் சுவாசிப்பதும் கூடாது.

மண்ணெண்ணெயில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டு வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பிசுக்கு கழன்று வரும். பெயிண்ட் தடிமனாக இருந்தால் பெயிண்ட் ரிமூவர் தடவி, மரச் சீவலால் தள்ளுங்கள். இரும்புச் சுரண்டி வேண்டாம். துடைத்த இடத்தில் விளக்கை நேராக அடித்தால் எதுவும் தெரியாது. பட்டறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை இரும்போடு ஒட்டினாற்போலப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எண் எழும்பி நிற்கும். அப்போதும் மசங்கலாக இருந்தால் சாக்பீஸ் தூளைத் தடவி மேலோட்டமாகத் துடைத்துவிடலாம். வெள்ளை பள்ளத்தில் மட்டும் தங்கும். மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் உரசிப் படி எடுப்பது இன்னும் நல்லது, கையில் ஒரு சான்று மிஞ்சும்.

எங்கே தேடுவது? லேத்தில் முதலில் பார்க்க வேண்டியது பெட்டின் டெயில் ஸ்டாக் பக்கக் கடைசி முனை. டெயில் ஸ்டாக்கை முன்னால் தள்ளிவிட்டு, பெட்டின் மேல்முகத்தில், முன்பக்க இரண்டு வழிகளுக்கு நடுவில் பாருங்கள். அமெரிக்காவின் சவுத் பெண்ட் லேத்தில் எண் அங்கேதான் இருக்கும். வேறு பல கம்பெனிகளும் அந்த முனையையே தேர்ந்தெடுத்தன. அங்கே இல்லையென்றால் ஹெட் ஸ்டாக்கின் முன்முகம், ஸ்பிண்டில் மூக்குக்குக் கீழே, கியர் மூடியைத் திறந்தால் உள்பக்கம், கடைசியாக சேடிலின் ஓரம். ஷேப்பரில் ராம் ஓடும் வழியின் முன்முனையையும், டிரில்லிங் மெஷினில் தூணின் தலைப்பக்கத்தையும் பாருங்கள்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். மெஷினில் கிடைக்கும் எண்ணெல்லாம் தொடர் எண் அல்ல. இரும்பிலிருந்து புடைத்து நிற்கும் எண் ஃபவுண்டரியில் அச்சோடு சேர்ந்து வார்க்கப்பட்டது. அது பாகத்தின் எண் அல்லது அச்சின் எண். ஆயிரம் மெஷினிலும் அதே எண்தான் இருக்கும். இரும்புக்குள் பஞ்சால் அடித்த எண்தான் நமக்கு வேண்டியது. அதிலும் இரண்டு மூன்று இலக்கமே உள்ள சின்ன எண் ஒன்று ஹெட் ஸ்டாக் அடியிலும், டெயில் ஸ்டாக் அடியிலும், ஜிப்பிலும் திரும்பத் திரும்ப வந்தால், அது ஃபிட்டர் போட்ட ஜோடி எண். ஒரு மெஷினுக்காகச் சுரண்டிப் பொருத்திய பாகம் இன்னொரு மெஷினுக்குப் போய்விடாமல் இருக்க அடித்தது. அது வயதைச் சொல்லாது. ஆனால் வேறு ஒன்றைச் சொல்லும்: பெட்டிலும் டெயில் ஸ்டாக்கிலும் ஒரே எண் இருந்தால் இரண்டும் ஒரே தாய் பிள்ளைகள். எண் மாறியிருந்தால் டெயில் ஸ்டாக் வேறு மெஷினிலிருந்து வந்தது. அதில் கிடைக்கும் எந்தத் தடயத்தையும் பெட்டின் வயதுக்குச் சான்றாக எடுக்கக் கூடாது.

பிளேட்டைப் படிப்பது

பித்தளை நேம் பிளேட் இருந்தால் பாதி வேலை முடிந்தது என்று நினைப்போம். முதலில் அந்த பிளேட் அந்த மெஷினுடையதுதானா என்று பாருங்கள். பழைய கம்பெனிகள் உருண்டைத் தலையுள்ள சின்ன ஆணிகளை அடித்து பிளேட்டைப் பொருத்தின. பாப் ரிவெட் போட்டிருந்தால் யாரோ பின்னால் கழற்றி மாட்டியது. பிளேட்டுக்குப் பின்னால் பெயிண்ட் இருந்தால், ஓட்டைகள் பொருந்தாமல் பக்கத்தில் பழைய ஓட்டை தெரிந்தால், சந்தேகப்படுங்கள். பெரிய கம்பெனி பிளேட்டை வேறு மெஷினில் பதித்து விற்பது இந்த வியாபாரத்தில் புதிதல்ல. "கிர்லோஸ்கர் மாடல்" என்று தரகர் சொன்னால் கிர்லோஸ்கர் மெஷின் என்று பொருளல்ல. அதைப் பார்த்துச் செய்தது என்று பொருள்.

இன்னொரு பொறி, கம்பெனி தொடங்கிய ஆண்டு. பிளேட்டில் 1865 என்று இருந்தவுடன் மெஷின் 1865 என்று முடிவு கட்டிவிடுவார்கள். முன்னால் 'எஸ்டாப்ளிஷ்டு' என்ற சொல்லோ அதன் சுருக்கமோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். கீத்லி ஊரின் டீன் ஸ்மித் அண்ட் கிரேஸ் கம்பெனி தொடங்கிய ஆண்டு 1865. அதன் லேத்துகளில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அதற்கு வெகுகாலம் பிந்தியவை.

ஆண்டே போடாத இந்திய பிளேட்டுகள்தான் நமக்கு அதிகம் கிடைக்கும். அவற்றில் முகவரி பேசும். இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் வெளிநாட்டு வழிகாட்டி நூல்களில் இது கிடைக்காது.

'பிரைவேட் லிமிடெட்' என்ற சொல்லைத் தேடுங்கள். 1956-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பிறகுதான் தனியார் கம்பெனிகள் பெயரின் கடைசியில் அதைச் சேர்க்க வேண்டியதாயிற்று. அதற்கு முன்னால் வெறும் 'லிமிடெட்'தான். எனவே 'பி. லிமிடெட்' என்று இருந்தாலும் சரி, முழுதாக இருந்தாலும் சரி, 1956-க்கு முந்திய மெஷின் அது இல்லை. வெள்ளைக்காரன் காலத்துக் கதை பல இந்த ஒரு சொல்லிலேயே உடைந்துபோகும்.

அடுத்தது பின்கோடு. ஆறு இலக்க பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. 'மெட்ராஸ்-2', 'கோயம்புத்தூர்-4' என்று ஊர்ப் பெயரோடு வட்டார எண் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. பெரும்பாலும் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய அச்சை வைத்துக்கொண்டு பத்து வருஷம் பிளேட் போட்ட கம்பெனிகளும் உண்டு. பின்கோடு இருப்பது உறுதியான கீழ் எல்லை. இல்லாமல் இருப்பது உறுதியான மேல் எல்லை அல்ல. இந்த வித்தியாசம் எல்லாத் தடயத்துக்கும் பொருந்தும்.

மாநிலப் பெயர்: 'மெட்ராஸ் ஸ்டேட்' என்றிருந்தால் 1950-க்கும் 1969-க்கும் நடுவில். 1969 ஜனவரி 14-இல் அது தமிழ்நாடு ஆனது. 'மைசூர் ஸ்டேட்' 1973 நவம்பர் 1-இல் கர்நாடகம் ஆனது. ஹரிஹரில் 1941-இல் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கர் மெஷின்களும் பெங்களூர் எச்.எம்.டி. மெஷின்களும் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் நிறைய இருப்பதால் இது அடிக்கடி கைகொடுக்கும். நகரப் பெயர் மாற்றமும் அப்படித்தான்: மும்பை 1995, சென்னை 1996, கொல்கத்தா 2001. 'எஸ். இந்தியா' என்று கோயம்புத்தூர் பிளேட்டுகளில் வருவது மட்டும் எதையும் சொல்லாது. அது பல பத்தாண்டுகள் ஓடிய வழக்கம்.

எச்.எம்.டி. கம்பெனி 1953-இல் தொடங்கியது. முதலில் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் கம்பெனியின் துணையோடு பெங்களூரில் எச்-22 லேத்தைச் செய்தார்கள். பிறகு பிஞ்சோர், களமசேரி, ஹைதராபாத் என்று 1960-களில் ஆலைகள் விரிந்தன. பிளேட்டில் எந்த ஊர் என்று பாருங்கள். களமசேரி என்றால் 1960-களின் நடுப்பகுதிக்கு முந்தியதல்ல. ரேடியல் டிரில்லில் 'கோல்ப்', மில்லிங்கில் 'ஃபிரிட்ஸ் வெர்னர்' என்று ஜெர்மன் பெயர் இருந்தால் பயப்பட வேண்டாம். அது உரிமம் தந்தவரின் பெயர், மெஷின் இங்கே செய்ததுதான். செகந்திராபாத் பிராகா டூல்ஸ் 1943-இல் தொடங்கியது. அதன் மெஷின் என்றால் அதற்கு முன்னால் போக வேண்டியதில்லை.

நம் கடலூர் மாவட்டத்துக்கென்றே ஒரு தடயம் இருக்கிறது. மெஷினில் இல்லாவிட்டாலும், மெஷினோடு வந்த பில்லிலோ, பழுது பார்த்த பட்டறை ஒட்டிய தகட்டிலோ 'எஸ்.ஏ. டிஸ்ட்ரிக்ட்' என்று இருந்தால் அது தென்னாற்காடு மாவட்டம். 1993-இல் அது பிரிந்தது. 'தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம்' என்றிருந்தால் இன்னும் நல்லது. 1993-க்கும், மாவட்டங்களிலிருந்து தலைவர்கள் பெயர் நீக்கப்பட்ட 1997-க்கும் இடையே நான்கே வருஷம். பில்லில் விற்பனை வரி எண் எந்த வகை என்றும் பாருங்கள். டி.என்.ஜி.எஸ்.டி. எண் என்றால் 1959 சட்டத்துக்குப் பின், 2007 ஜனவரியில் வாட் வருவதற்கு முன். ஜி.எஸ்.டி. எண் என்றால் 2017 ஜூலைக்குப் பின். பில் சொல்வது வாங்கிய நாளைத்தான், பிறந்த நாளை அல்ல. ஆனால் மேல் எல்லைக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. பட்டறைக்காரரிடம் மெஷினைப் பற்றிக் கேட்பதைவிட, "பழைய பில் ஏதாவது பீரோவுல கிடக்குதாண்ணே?" என்று கேட்பது பல நேரம் அதிகப் பலன் தரும்.

வெளிநாட்டு மெஷின்கள்

ஜெர்மன், செக், ரஷ்ய, ஜப்பானிய மெஷின்களில் பெரும்பாலும் ஆண்டையே போட்டுவிடுவார்கள். அந்த மொழி தெரியாததால் நாம் கவனிப்பதில்லை. ஜெர்மன் பிளேட்டில் 'பவ்யார்' என்ற சொல்லுக்கு எதிரே இருப்பது செய்த ஆண்டு. ரஷ்ய பிளேட்டில் எழுத்து புரியாவிட்டாலும் 19 என்று தொடங்கும் நாலு இலக்கத்தைத் தேடுங்கள். ஐங்கோணத்துக்குள் ஒரு முத்திரை இருந்தால் அது சோவியத் தரச்சான்று. 1967-இல்தான் அது வந்தது. ஜப்பான் பிளேட்டில் இரண்டு இலக்க ஆண்டு இருந்தால் அது ஷோவா ஆண்டாக இருக்கலாம், 1925-ஐக் கூட்டுங்கள். 42 என்றால் 1967.

நாட்டின் பெயரும் எல்லை போடும். மேற்கு ஜெர்மனி என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் நடுவில். 'வி.இ.பி.' என்ற மூன்றெழுத்து கிழக்கு ஜெர்மனியின் அரசு ஆலை. செக்கோஸ்லோவாக்கியா 1992-உடன் முடிந்தது, சோவியத் 1991-உடன்.

பிரிட்டன், அமெரிக்க மெஷின்களில் ஆண்டு இருக்காது, தொடர் எண் மட்டும் இருக்கும். அதற்கு அச்சில் வந்த பட்டியல்கள் உண்டு. அமெரிக்கப் பழைய மெஷின் வியாபாரிகள் சங்கம் வெளியிட்ட தொடர் எண் கையேட்டில் கம்பெனி வாரியாக, எந்த ஆண்டு எந்த எண்ணில் தொடங்கியது என்று இருக்கிறது. பிரிட்டன் கம்பெனிகளின் வரலாற்றுக்கு கிரேசஸ் கைடு என்ற இணையதளம் நல்ல இடம். எந்த ஊர் முகவரியில் எந்த ஆண்டுகளில் இருந்தார்கள், எப்போது யாரோடு இணைந்தார்கள் என்பதைப் பார்த்தாலே பிளேட்டின் காலம் பாதி தெரிந்துவிடும்.

யுத்த காலத்து மெஷினுக்குத் தனி அடையாளம் உண்டு. பிரிட்டன் மெஷினில் 'வார் ஃபினிஷ்' என்று ஒரு சின்னத் தகடு இருந்தால், 1940-களின் முன்பாதி. பட்டி போட்டு வழவழப்பாக்க நேரமில்லை, பார்வைக்குச் சுமாராக இருக்கும், வேலையில் குறையில்லை என்பதைக் கம்பெனி தானே சொல்லிக்கொண்ட தகடு அது. அமெரிக்க மெஷினில் 'வார் புரொடக்‌ஷன் போர்டு' என்ற பெயர் இருந்தால் 1942 முதல் 1945 வரை. அந்த வாரியம் இருந்ததே அவ்வளவு காலம்தான். என் கணிப்பில், நம் ஊர்ப் பட்டறைக்காரர்கள் வெள்ளைக்காரன் காலத்து மெஷின் என்று சொல்லி அது உண்மையாகவும் இருப்பவற்றில் நிறைய இந்தக் காலத்தவைதான்.

காப்புரிமை எண் இருந்தால் விடாதீர்கள். பிரிட்டனில் 1916-க்கு முன் ஒவ்வொரு ஆண்டும் எண் ஒன்றிலிருந்து தொடங்கியது, அதனால் ஆண்டையும் சேர்த்து எழுதினார்கள். 1916-இல் 1,00,001-லிருந்து தொடர்ச்சியாகப் போக ஆரம்பித்தது. 1930 வாக்கில் மூன்றே கால் லட்சத்துக்குப் பக்கம், 1950 வாக்கில் ஆறே கால் லட்சத்தைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் பத்து லட்சமாவது எண் 1911-இல், இருபது லட்சமாவது 1935-இல், முப்பது லட்சமாவது 1961-இல். பிளேட்டில் நாலைந்து எண் இருந்தால் பெரிய எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவும் கீழ் எல்லைதான். காப்புரிமை வாங்கிய பிறகு இருபது வருஷம் அதே மெஷினைச் செய்திருப்பார்கள்.

உருவம் சொல்லும் பொய்

மேல்நாட்டுப் புத்தகங்கள் உருவத்தை வைத்து வயது சொல்லக் கற்றுத் தருகின்றன. வளைந்த ஆரக்கால் போட்ட கைச்சக்கரம் என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பக்கம். தட்டை பெல்ட் ஓடும் கோன் புல்லி என்றால் மேலே நீளத் தண்டு சுழன்ற காலம். 1900 பாரிஸ் கண்காட்சியில் ஹைஸ்பீட் ஸ்டீல் உளி வந்த பிறகு, அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க ஹெட் ஸ்டாக்குகள் கனத்தன, முழுதும் கியராயின. 1927-இல் க்ருப் கம்பெனி விடியா கார்பைடைக் காட்டிய பிறகு வேகம் இன்னும் ஏறியது. ஒயிட் மெட்டல் பேரிங் போய் ரோலர் பேரிங் வந்தது, வீ பெல்ட் வந்தது, மெஷினுக்குள்ளேயே மோட்டார் வந்தது. அங்கே இது நியாயமான கணக்கு.

இங்கே அது அப்படியே பலிக்காது. பைக்காராவில் மின்சாரம் உற்பத்தியானது 1930-களின் தொடக்கத்தில், மேட்டூரில் 1937-இல். சிறு ஊர்ப் பட்டறைக்குக் கம்பி வந்து சேர்ந்தது அதற்கும் பிறகு. அதுவரை ஆயில் இன்ஜின், மேலே தண்டு, கீழே பெல்ட். மின்சாரம் வந்த பிறகும் ஒரே மோட்டாரைத் தண்டுக்குக் கொடுத்து நாலு மெஷினை ஓட்டினார்கள். வாங்குபவர் கேட்டது கோன் புல்லி லேத்தை, ஏனென்றால் விலை குறைவு, கெட்டால் எந்த மேஸ்திரியும் சரி செய்துவிடுவார். பட்டாலாவிலும் லூதியானாவிலும் ராஜ்கோட்டிலும் கோயம்புத்தூர்ப் பக்கமும் அந்த லேத்தை மேல்நாட்டார் கைவிட்டு வெகுகாலம் கழித்தும் வார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆகவே கோன் புல்லி, ஒயிட் மெட்டல் பேரிங், திறந்த கியர் எல்லாம் இருக்கும் ஒரு லேத் 1910-ஐச் சேர்ந்ததாகவும் இருக்கலாம், 1975-ஐச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். ஊர் மெஷினில் உருவத்தைக் கீழ் எல்லைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். மேல் எல்லைக்கு ஒருபோதும் வேண்டாம்.

மரைக் கணக்கிலும் இதே சிக்கல். நம் நாட்டில் மெட்ரிக் அளவை 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக வந்து 1962-இல் கட்டாயமானது. அதனால் அங்குல லீட் ஸ்க்ரூ இருந்தால் அதற்கு முந்தியது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அங்குலத்துக்கு நாலு மரை போட்ட லீட் ஸ்க்ரூவை அதற்குப் பின்னும் வெகுகாலம் செய்தார்கள். மறுபக்கம் பார்த்தால் பயன் உண்டு: கிராஸ் ஸ்லைடு டயலில் மில்லிமீட்டர் கோடு போட்ட இந்திய மெஷின் ஒன்று சுதந்திரத்துக்கு முந்தியதாக இருப்பது அபூர்வம்.

தேய்மானத்தை வைத்து வயது சொல்வதைப் பற்றி ஒரு வரி போதும்: செய்யாதீர்கள். எண்ணெய் விடாமல் வார்ப்பிரும்பு கடைந்த பெட் பத்து வருஷத்தில் குழிந்துவிடும். கல்லூரிப் பட்டறையில் மாணவர்கள் தொட்டும் தொடாமலும் ஓட்டிய மெஷின் நாற்பது வருஷம் கழித்தும் சுரண்டிய தடம் தெரியப் புதுசாக இருக்கும்.

மோட்டாரும் பெயிண்டும் அடிக்கடி மாறுபவை. மோட்டார் பிளேட்டைப் படியுங்கள், ஆனால் அதை மோட்டாரின் வயதாக மட்டும் எழுதி வையுங்கள். கிராம்ப்டன் பார்க்கின்சன் என்ற இணைப்புப் பெயர் 1927-இல் வந்தது, கிராம்ப்டன் கிரீவ்ஸ் 1966-இல். கிர்லோஸ்கர் எலெக்ட்ரிக் 1946. 'சைக்கிள்ஸ்' என்றிருந்தால் பழசு. 'ஹெர்ட்ஸ்' என்றிருந்தால் பெரும்பாலும் 1960-க்குப் பின் என்று கொள்ளலாம். மோட்டாரை மாட்டிய தட்டு மெஷினோடு சேர்த்து வார்த்ததா, பின்னால் ஆங்கிளை வெட்டி வெல்டிங் செய்ததா என்று பார்த்தால், மோட்டார் உடன் பிறந்ததா என்பது தெரிந்துவிடும்.

உடைமையாளர் போட்ட குறி

மேல் எல்லை கிடைக்காமல் திண்டாடும்போது மெஷினின் பழைய சொந்தக்காரர் அடித்த குறியைத் தேடுங்கள். ரயில்வே, துறைமுகம், ஆலை எல்லாமே தங்கள் சொத்தில் எழுத்துப் பஞ்ச் அடிக்கும் வழக்கம் உண்டு. 'எஸ்.ஐ.ஆர்.' என்று இருந்தால் அது சவுத் இந்தியன் ரயில்வே. நாகப்பட்டினத்திலிருந்த அதன் பெரிய பட்டறை 1920-களின் கடைசியில் பொன்மலைக்கு மாறியது. 1951 ஏப்ரல் 14-இல் சதர்ன் ரயில்வே உருவானபோது அந்தப் பெயரே மறைந்தது. எஸ்.ஐ.ஆர். குறி போட்ட மெஷின் 1951-க்குப் பிந்தியதாக இருக்க முடியாது. இவ்வளவு சுத்தமான மேல் எல்லை வேறு எதிலும் கிடைப்பது கஷ்டம். மேல்நோக்கிய மூன்று கோட்டு அம்புக்குறி பிரிட்டன் அரசுச் சொத்தின் அடையாளம். பெரும்பாலும் ராணுவ வழியாக வந்த மெஷின்.

'இ.ஐ.டி.' என்ற எழுத்து கிடைத்தால் நெல்லிக்குப்பத்துக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். ஈஸ்ட் இந்தியா டிஸ்டிலரீஸ் அண்ட் சுகர் ஃபேக்டரீஸ் கம்பெனி 1897-இல் பதிவானது. ஆலை ஏலத்தில் வந்தது என்ற கதைக்கு இந்தக் குறி ஒன்றுதான் சாட்சி. வெறும் பெயிண்டில் எழுதியிருந்தால் ஏற்காதீர்கள், பஞ்சில் இருக்க வேண்டும். குறி இருந்தாலும் அது ஆலைக்கு வந்ததைச் சொல்லுமே தவிர, ஆலை அதைப் புதிதாக வாங்கியதா பழையதாக வாங்கியதா என்று சொல்லாது.

கணக்கைக் கூட்டிப் பார்ப்பது

கற்பனையாக ஒரு லேத்தை எடுத்துக்கொள்வோம். ஆறடி பெட், கோன் புல்லி, பேக் கியர், வெளியே தெரியும் கியர்கள். பட்டறையில் சொல்வது வெள்ளைக்காரன் காலம். பித்தளை பிளேட்டில் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றின் பெயர், கடைசியில் 'பிரைவேட் லிமிடெட்', கீழே ஊர்ப் பெயரோடு 'மெட்ராஸ் ஸ்டேட்', பின்கோடு இல்லை. பிளேட் உருண்டைத் தலை ஆணியில் நிற்கிறது, பின்னால் பெயிண்ட் இல்லை. பெட்டிலும் டெயில் ஸ்டாக்கிலும் ஜோடி எண் ஒன்று. கிராஸ் ஸ்லைடு டயல் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மோட்டார் கிராம்ப்டன் கிரீவ்ஸ், ஆங்கிளில் வெல்டிங்.

உருவம் 1910 என்கிறது, ஒதுக்கி வையுங்கள். பிரைவேட் லிமிடெட் கீழ் எல்லையை 1956-இல் வைக்கிறது. மெட்ராஸ் ஸ்டேட் மேல் எல்லையை 1969-இல் வைக்கிறது; பழைய பிளேட் தீரும்வரை ஒட்டியிருப்பார்கள் என்று ஓரிரு வருஷம் தளர்த்திக்கொள்ளலாம். அங்குல டயல் இந்தக் காலத்தோடு முரண்படவில்லை, ஆனால் எதையும் சுருக்கவும் இல்லை. மோட்டார் 1966-க்குப் பின். ஆனால் அது பின்னால் வந்தது, எனவே கணக்கில் சேராது. தகடு நிஜம், பாகங்கள் ஒரே மெஷினுடையவை. ஆக, 1956-க்கும் சுமார் 1970-க்கும் நடுவில். உரிமையாளரின் அப்பா வாங்கிய பில் கிடைத்து, அதில் 1964 என்று இருந்தால் இடைவெளி எட்டு வருஷமாகச் சுருங்கும்.

இதைப் பதிவேட்டில் எழுதும்போது "1960 மாடல்" என்று எழுதாதீர்கள். "1956–1964, பிளேட், பில் சான்று, மோட்டார் பிந்தியது" என்று எழுதுங்கள். பக்கத்தில் பென்சில் உரசிய படியை ஒட்டி, எண் மெஷினில் எந்த இடத்தில் இருந்தது என்றும் குறியுங்கள். அடுத்த முறை பெயிண்ட் அடிக்க வருபவர் அந்த இடத்தில் மட்டும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு அடிக்கும்படி பட்டறைக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.